வைரஸின் கைனேஸா, செல்லின் கைனேஸா? ஹெர்பிஸ் மருந்துக்கு இலக்கு தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஹெர்பிஸ் வைரஸ்களுக்கு மருந்து தேடும் ஆய்வகம் எதுவானாலும், கைனேஸ் என்று வந்துவிட்டால் முதலில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். வைரஸ் தன் மரபணுவில் சுமந்து வரும் கைனேஸைத் தடுப்பதா, வைரஸ் நுழைந்த செல்லுக்கே சொந்தமான கைனேஸைத் தடுப்பதா? செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறின் மேல் ஒட்டும் நொதிக்குத்தான் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் ஒட்டிய புரதம் வேலையைத் தொடங்கலாம், நிறுத்தலாம், இடம் மாறலாம், சிதைவுக்கும் போகலாம். மனித மரபணுத் தொகுதியில் 2002-இல் வெளியான பட்டியலின்படி 518 புரதக் கைனேஸ்கள் இருக்கின்றன. ஹெர்பிஸ் வைரஸ்களிடம் இருப்பதோ ஒன்றிரண்டு. மீதி வேலைக்கெல்லாம் செல்லின் கைனேஸ்களைத்தான் அது நம்பியிருக்கிறது.

செல்லின் கைனேஸைக் குறிவைப்பதற்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் எளிமையானது: வைரஸ் தன் மரபணுவை மாற்றிக்கொண்டு தப்பிக்கும், நம் மரபணுவை அதனால் மாற்ற முடியாது, எனவே மருந்து எதிர்ப்பு எளிதில் வராது. வாதம் சரிதான். ஆனால் அதற்குத் தகுதிக்கு மீறிய இடம் கொடுக்கப்படுகிறது என்பது என் கருத்து. இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்ப்பு வருமா என்பதைவிட, வைரஸ் எந்த வகைச் செல்லில் இருக்கிறது, விழித்துப் பெருகுகிறதா பெருகாமல் தூங்குகிறதா, மருந்தை எத்தனை நாள் கொடுக்கப் போகிறோம் என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இரண்டையும் எதிரெதிர் வழிகளாக வைப்பதற்கு முன் அசைக்ளோவிரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் குழுவிலிருந்து வந்த மருந்து அது. செல்லுக்குள் நுழையும்போது அது தானாக எதையும் செய்யாது. அதன் மேல் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ். இரண்டாவதை ஒட்டுவது நம் செல்லின் குவனிலேட் கைனேஸ். மூன்றாவதும் நம் செல்லின் நொதிகள் செய்கிற வேலைதான். மூன்றும் சேர்ந்த பிறகே அது வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸை முடக்குகிறது. வைரஸ் இல்லாத செல்லில் முதல் படியே ஏறக்குறைய நடக்காது. மருந்தின் பாதுகாப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆக, செல்லின் கைனேஸ்களிடம் வேலை வாங்கி வெற்றி பெற்ற மருந்து ஒன்று நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அசைக்ளோவிரோடு சேர்த்துக் கொடுக்க ஒரு கைனேஸ் தடுப்பானைத் தேடுபவர், அந்தத் தடுப்பான் இந்தச் சங்கிலியை அறுத்துவிடுமா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

வைரஸின் சொந்தக் கைனேஸ்

மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதக் கைனேஸ் இருக்கிறது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் அதன் பெயர் யுஎல்13, சைட்டோமெகலோவைரஸில் யுஎல்97, எப்ஸ்டீன்-பார் வைரஸில் பிஜிஎல்எஃப்4. இவற்றில் மருந்து இலக்காகத் தன்னை நிரூபித்தது யுஎல்97 மட்டுமே.

யுஎல்97 செய்வதெல்லாம் நம் செல்லின் சிடிகே என்ற செல் சுழற்சிக் கைனேஸ்கள் செய்கிற வேலை. செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. அப்புறம், செல் உட்கருவின் உள்சுவரைத் தாங்கும் லாமின் வலையைத் தளர்த்துகிறது. புதிதாக உருவான வைரஸ் கூடு உட்கருத் துளை வழியாக வெளியேற முடியாத அளவுக்குப் பெரியது. வலையைத் தளர்த்தாமல் அதற்கு வழி கிடையாது. செல்லின் சிடிகேக்களுக்குச் சைக்ளின் என்ற துணைப்புரதம் தேவை, பி21 போன்ற காவல் புரதங்களுக்கு அவை கட்டுப்படும். யுஎல்97 துணையில்லாமலே ஓடும், காவலுக்கும் அடங்காது. 

இதைத் தடுக்கும் மரிபாவிர், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு மற்ற மருந்துகளுக்கு அடங்காத சைட்டோமெகலோவைரஸ் தொற்றுக்காக 2021 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 352 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், எட்டாவது வாரத்தில் மரிபாவிர் எடுத்தவர்களில் 55.7 சதவீதத்தினருக்கு இரத்தத்திலிருந்து வைரஸ் நீங்கியிருந்தது. மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த வழக்கமான மருந்துகளில் அது 23.9 சதவீதம். பெரிய பக்கவிளைவு நாக்கில் சுவை மாறுவது. பழைய மருந்துகளான, எலும்பு மஜ்ஜையை நசுக்கும் கான்சிக்ளோவிரோடும் சிறுநீரகத்தைத் தாக்கும் ஃபாஸ்கார்னெட்டோடும் ஒப்பிட்டால், இதை வரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிக்கல்கள் இரண்டு. ஒன்று, எதிர்ப்பு வருகிறது. யுஎல்97-இல் ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும். டி409எம், எச்411ஒய் போன்ற மாற்றங்கள் நோயாளிகளிடமே காணப்படுகின்றன. இன்னொன்று, கான்சிக்ளோவிரை இயக்கத்துக்குக் கொண்டுவரும் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவதும் இதே யுஎல்97. மரிபாவிர் அதைத் தடுத்துவிட்டால் கான்சிக்ளோவிர் வெறும் தண்ணீர். எனவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பைத் தள்ளிப்போடக் கூட்டு மருந்து வேண்டும் என்ற இடத்தில், மிகவும் பழகிய துணையையே இழந்துவிடுகிறோம்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இந்த வழி இவ்வளவு தூரம்கூடப் போகாது. யுஎல்13-ஐயோ, யுஎஸ்3 என்ற இன்னொரு கைனேஸையோ மரபணுவிலிருந்து நீக்கினாலும், வளர்ப்புச் செல்களில் வைரஸ் பெரும்பாலும் சமாளித்துப் பெருகிவிடுகிறது. உயிருள்ள விலங்கில் வலுவிழப்பது உண்மை. இருந்தாலும் ஒரு மருந்து நிறுவனத்தை நம்பவைக்க அது போதாது.

செல்லின் சிடிகேக்கள்

1990-களின் பிற்பகுதியில் பிரிசில்லா ஷாஃபரின் ஆய்வகத்தில் லூயிஸ் ஷாங்கும் சகாக்களும் ரோஸ்கோவிட்டின் என்ற சிடிகே தடுப்பானை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு எதிராகச் சோதித்தார்கள். வைரஸ் நின்றது. முதலில் விழிக்க வேண்டிய வைரஸ் மரபணுக்களே விழிக்கவில்லை. அசைக்ளோவிருக்கு அடங்காத வைரஸ் வகைகளும் அடங்கின. செல் கைனேஸ் வழி பேசப்படும்போதெல்லாம் இந்த ஆய்வு முன்னால் வந்து நிற்பதில் வியப்பில்லை.

காரணமும் தெளிவானது. ஹெர்பிஸ் வைரஸ்களுக்குச் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் கிடையாது. தன் மரபணுக்களைப் படியெடுக்கச் செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-ஐத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பாலிமரேஸின் வாலில் சிடிகே7-உம் சிடிகே9-உம் பாஸ்பேட்டை ஒட்டாவிட்டால் அது சரியாக நகராது. 2014-இல் ஜப்பானிய குழு ஒன்று எஃப்ஐடி-039 என்ற சிடிகே9 தடுப்பானைக் கொண்டு, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் உள்படப் பல டிஎன்ஏ வைரஸ்களின் பெருக்கத்தைக் குறைத்துக் காட்டியது. ஒரே மருந்தில் பல வைரஸ் என்ற ஆசைக்கு செல் கைனேஸ் வழி இடம் கொடுக்கிறது.

இதில் ஆபத்து எங்கே என்று சொல்லத் தேவையில்லை. சிடிகே9 இல்லாமல் நம் செல்லாலும் பெரும்பாலான மரபணுக்களைப் படிக்க முடியாது. தொற்றிய சில மணி நேரத்தில் டஜன் கணக்கான மரபணுக்களை ஒரே மூச்சில் இயக்க வேண்டிய வைரஸ், நிதானமாக வாழும் செல்லைவிட அதிகமாகப் பாதிக்கப்படும் என்பதுதான் நம்பிக்கை. குறுகிய காலத்துக்கு அந்த இடைவெளி பயன்படலாம். மாதக் கணக்கில் கொடுத்தால்? அனுமதி பெற்ற சிடிகே4, சிடிகே6 தடுப்பானான பால்போசிக்ளிபை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான அந்த மருந்தின் மிகப் பரவலான பக்கவிளைவு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குறைவது. கான்சிக்ளோவிரை நிறுத்த வைப்பதும் அதே பிரச்சினைதான். உறுப்பு மாற்று நோயாளிக்கு இப்படி ஒரு மருந்தை எந்த மருத்துவரும் விரும்பி எழுத மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. செல்லின் இலக்கைத் தாக்கினால் வைரஸால் தப்ப முடியாது என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. கபோசி சர்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தானே ஒரு சைக்ளினைத் தயாரித்து, நம் சிடிகே6-ஐ வளைத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டணி, வழக்கமாகச் சிடிகேக்களை அடக்கும் பி27 போன்ற புரதங்களுக்குச் சரியாக அடங்குவதில்லை. செல்லின் கைனேஸ் வைரஸின் கைக்குப் போனதும் அதே கைனேஸாக இருப்பதில்லை.

சிகே2 என்ற கைனேஸையும் பலர் இலக்காகச் சொல்வார்கள். வைரஸின் முதல் மரபணுக்களை இயக்கிவைக்கும் விபி16 புரதத்தில் ஒரு செரீன் மீது அது ஒட்டும் பாஸ்பேட் முக்கியமானது என்பது உண்மை. ஆனால் சிகே2 தொடாத புரதம் எது என்று கேட்கும் அளவுக்கு அதன் வேலைப்பட்டியல் நீளமானது. முதல் தேர்வாக நான் அதை எடுக்க மாட்டேன்.

டிஎன்ஏ சேதத்தைக் கவனிக்கும் கைனேஸ்கள்

உட்கருவுக்குள் முனைகள் திறந்த நீண்ட டிஎன்ஏ ஒன்று திடீரென்று வந்தால், செல் அதைத் தன் குரோமோசோம் உடைந்ததாகவே பார்க்கும். ஏடிஎம், டிஎன்ஏ-பிகே ஆகிய கைனேஸ்கள் விழித்தெழும். இரண்டும் ஒரே குடும்பம். வைரஸுக்கோ இரண்டும் நேரெதிர். ஏடிஎம் விழிப்பதை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறது. டிஎன்ஏ-பிகேயின் முக்கியக் கூறையோ தன் ஐசிபி0 புரதத்தால் சிதைவுக்கு அனுப்புகிறது. அது இருந்தால் வைரஸுக்குத் தொல்லை.

கேயு-55933 என்ற ஏடிஎம் தடுப்பான், கருவிழிச் செல்களிலும் விலங்குகளின் கண்களிலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸைக் கணிசமாகக் குறைத்தது. கண் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். ஏடிஎம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற நோய் வருகிறது: நடை தடுமாறும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், புற்றுநோய் வாய்ப்பு கூடும். உடல் முழுக்கப் போகும் மருந்தாக ஏடிஎம் தடுப்பானைக் கொடுக்க யோசிக்க வேண்டும். கண்ணில் சில நாள் விடும் சொட்டு மருந்தாக என்றால், பேச்சே வேறு.

கண்ணிலிருந்து இன்னோர் உதாரணம். பிஎக்ஸ்795 என்ற மூலக்கூறை டிபிகே1 தடுப்பான் என்றுதான் வாங்குவார்கள். டிபிகே1 வைரஸைக் கண்டதும் இன்டர்ஃபெரான் என்ற அபாய மணியை அடிக்கும் கைனேஸ். அதைத் தடுத்தால் வைரஸ் கொழிக்க வேண்டும். தீபக் சுக்லாவின் ஆய்வகம் 2018-இல் வெளியிட்ட முடிவுகளில் நேர்மாறாக, வைரஸ் ஒடுங்கியது. காரணம், மருந்து தொட்ட இன்னொரு கைனேஸ்: ஏகேடி. வைரஸ் தன் புரதங்களைத் தயாரிக்க ஏகேடி பாதையை ஓட்டிக்கொண்டிருந்தது, அது நின்றுபோனது. குப்பியின் மேல் எழுதியிருக்கும் இலக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிஐ3கே, ஏகேடி, எம்டார்: நரம்பணுவில் தலைகீழாகும் கணக்கு

பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற கைனேஸ்கள் வளர்ச்சிச் சமிக்ஞையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் வழிதான் ஏகேடி பாதை. அது அவ்வளவு நல்ல இலக்கா? செல்லுக்குள் நுழைவது, செல் தற்கொலை செய்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது, புரதம் தயாரிப்பது என்று வைரஸ் பெருகும் பல கட்டங்களில் இந்தப் பாதைக்கு வேலை இருக்கிறது. தடுப்பான்களும் புற்றுநோய் ஆய்வின் புண்ணியத்தில் அலமாரி நிறைய இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் இதுதான் முதல் தேர்வு.

மருத்துவமனையிலிருந்தும் ஆதரவு உண்டு. சிறுநீரக மாற்று செய்துகொண்டு கபோசி சர்கோமா வந்த 15 நோயாளிகளுக்கு, வழக்கமான நோய் எதிர்ப்பு அடக்கியை நிறுத்திவிட்டு எம்டார் தடுப்பானான சிரோலிமஸைக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எல்லோருடைய தோல் கட்டிகளும் மறைந்தன, சிறுநீரகமும் தப்பியது. 2005-இல் வெளியான இந்த முடிவு இத்தாலியிலிருந்து வந்தது. எம்டார் தடுப்பான் எடுக்கும் மாற்று நோயாளிகளுக்குச் சைட்டோமெகலோவைரஸ் தொல்லை குறைவு என்பதையும் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இப்போது நரம்பணுவுக்கு வருவோம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வாழ்நாள் முழுக்கத் தூங்கும் இடம் அது. வளர்ப்பு நரம்பணுக்களில் 2010-இல் வெளியான ஆய்வு, நரம்பு வளர்ச்சிக் காரணியிலிருந்து பிஐ3கே வழியாக ஏகேடிக்குப் போகும் தொடர் சமிக்ஞைதான் வைரஸைத் தூங்க வைத்திருக்கிறது என்று காட்டியது. பிஐ3கேவைத் தடுத்தால் வைரஸ் விழித்துக்கொள்கிறது. அடுத்து வந்த ஆய்வில் எம்டாரைத் தடுத்தாலும் அதேதான். தோல் செல்லில் வைரஸை அடக்கும் அதே மருந்து, நரம்பணுவில் அதை எழுப்பிவிடுகிறது. சைட்டோமெகலோவைரஸிலும் இதே போக்குதான். இரத்த முன்னோடிச் செல்களில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பிக் கைனேஸும் அதன் பின்னால் இருக்கும் பிஐ3கேவும் வைரஸின் உறக்கத்துக்கு உதவுகின்றன. தடுத்தால் விழிப்புக்கு வழி.

அப்படியானால் நரம்பணுவில் எந்தக் கைனேஸைத் தடுக்கலாம்? மன அழுத்தத்திலும் காயத்திலும் நரம்பணுக்களில் இயங்கும் டிஎல்கே, ஜேஎன்கே இணைதான் விடை போலத் தெரிகிறது. வைரஸின் டிஎன்ஏவைச் சுற்றி இறுகிய ஹிஸ்டோன் புரதங்களில் ஒரு பாஸ்பேட் ஒட்டி, பூட்டைத் தளர்த்தும் வேலை ஜேஎன்கே இல்லாமல் நடப்பதில்லை. 2015-இல் வந்த ஆய்வில் இதைத் தடுத்ததும் வைரஸ் விழிப்பது நின்றது. ஆய்வேட்டுக்கு இலக்கு தேடும் மாணவர் என்னிடம் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அசைக்ளோவிரால் தூங்கும் வைரஸை எதுவும் செய்ய முடியாது, மரிபாவிராலும் முடியாது. போட்டி குறைவு, தேவை பெரிது. வளர்ப்பு நரம்பணுவில் நடந்தது மனித நரம்பு முடிச்சில் நடக்குமா என்பதுதான் கடக்க வேண்டிய தூரம்.

நோயாளிகள் ஏற்கெனவே விழுங்கும் கைனேஸ் தடுப்பான்கள்

ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது மறந்துபோகும் ஒரு விஷயம்: வைரஸை அடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள். அவையும் கைனேஸ்களால்தான் இயங்குகின்றன. மூட்டுவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் எடுப்பவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. அது தடுப்பது ஜேஏகே கைனேஸ்களை. இரத்தப் புற்றுநோய்க்கான ஐடெலாலிசிப் ஒரு பிஐ3கே தடுப்பான், அதை எடுப்பவர்களுக்குச் சைட்டோமெகலோவைரஸ் இருக்கிறதா என்று கண்காணிக்கச் சொல்கிறார்கள். வளர்ப்புத் தட்டில் வைரஸைக் குறைக்கும் பிஐ3கே தடுப்பு, மனித உடலில் அதை அவிழ்த்துவிடுகிறது. தட்டில் டி செல் கிடையாதே.

நமக்காகப் போராடும் கைனேஸ்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிகேஆர் வைரஸைக் கண்டால் செல்லின் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அதை முறியடிக்க ஐசிபி34.5 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அந்த மரபணுவை நீக்கிய வைரஸ் சாதாரணச் செல்லில் தடுமாறும், பிகேஆர் பாதை பழுதான புற்றுச் செல்லில் பெருகும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக் சிகிச்சையில் இருப்பது அந்த மரபணு நீக்கிய ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்தான். தடுப்பானைக் கொண்டு பிகேஆரைத் தொட்டால் வைரஸுக்குத்தான் லாபம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

மாற்று உறுப்பு பெற்றவரின் சைட்டோமெகலோவைரஸ் என்றால், தயக்கமில்லாமல் வைரஸின் இலக்கு. மருந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். எலும்பு மஜ்ஜைக்கோ டி செல்லுக்கோ இன்னும் ஒரு சுமை கூடாது. யுஎல்97-இல் எதிர்ப்பு வந்தால்கூட, கைனேஸை விட்டு விலகி, 2017-இல் வந்த லெட்டர்மோவிர் தொடும், வைரஸ் டிஎன்ஏவை வெட்டிக் கூட்டுக்குள் அடைக்கும் டெர்மினேஸ் போன்ற வேறொரு வைரஸ் இலக்குக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஒரு விதிவிலக்கு: எப்படியும் ஒரு நோய் எதிர்ப்பு அடக்கி வேண்டும் என்ற நிலையில், அது எம்டார் தடுப்பானாக இருந்தால் செல் கைனேஸ் வழியின் பலன் இலவசமாகக் கிடைக்கிறது.

கருவிழியில் அசைக்ளோவிருக்கு அடங்காத ஹெர்பிஸ் என்றால் என் ஓட்டு செல்லின் கைனேஸுக்கு. மேற்பூச்சாக, குறுகிய காலத்துக்கு, கண்ணெதிரே கண்காணிக்கக் கூடிய இடத்தில் கொடுக்கிறோம். அசைக்ளோவிர் எதிர்ப்பில் பெரும்பாலானவை தைமிடின் கைனேஸ் பழுதால் வருபவை. ஏடிஎம்மோ ஏகேடியோ அந்தப் பழுதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏகேடி வழியில் போவோர் மட்டும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சு வரை மருந்து போகிறதா, அங்கே தூங்கும் வைரஸை எழுப்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு காரணத்தால் எனக்கு ஏடிஎம் மேல் சாய்வு கொஞ்சம் அதிகம்.

சிடிகே7, சிடிகே9 வழியை உயிருக்கு ஆபத்தான, வேறு மருந்து எதுவும் எடுபடாத, சில நாள் சிகிச்சைக்கு ஒதுக்கி வைக்கலாம். அல்லது மரிபாவிரோடு குறைந்த அளவில் சேர்த்துப் பார்க்கலாம். வேகமாகப் பிரியும் வளர்ப்புச் செல்களில் மரிபாவிரின் வலு குறைவது தெரிந்த செய்தி; அங்கே செல்லின் சிடிகேக்கள் யுஎல்97-இன் வேலையை ஓரளவு ஈடுகட்டுகின்றன என்று கொண்டால், இரண்டையும் ஒருசேரத் தடுப்பதில் பொருள் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் பரிசோதனைகள் ஒன்றுதான். ஒரே கைனேஸைத் தடுக்கும், வேதியமைப்பில் வேறுபட்ட இரண்டு மூலக்கூறுகளை வைத்துச் சோதியுங்கள். ஒன்று மட்டும் வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கைனேஸின் மரபணுவை முடக்கிய செல்லிலும் வைரஸ் குறைகிறதா என்று பாருங்கள். முடக்கிய செல்லில் மருந்து தொடர்ந்து வைரஸைக் குறைத்தால், அது வேறெதையோ தொடுகிறது என்று பொருள். மருந்தைத் தொற்றுக்கு முன், தொற்றிய உடனே, ஆறு மணி நேரம் கழித்து என்று வெவ்வேறு நேரத்தில் சேர்த்தால் எந்தக் கட்டம் அடிபடுகிறது என்று தெரியும். கடைசியாக, உறங்கும் வைரஸ் உள்ள நரம்பணு வளர்ப்பில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். அதை வெளி ஆய்வகத்தில் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தாலும், எலிக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.